இடம் போதாததால் பிறந்த ரகசியங்கள்

கேள்வி கேட்ட தம்பி இங்கே வெள்ளவத்தையில் கேம் டிசைன் வகுப்பொன்றில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறார். அவர் கேட்டது இதுதான்: பழைய கேம்களுக்குள் என்னென்னவோ ஒளித்து வைத்திருப்பதாக யூடியூபில் வீடியோ வீடியோவாகப் போடுகிறார்களே, அதெல்லாம் உண்மையா? உண்மை என்றால் இவ்வளவு மெனக்கெட்டு ஏன் ஒளித்து வைத்தார்கள், விளம்பரத்துக்காகவா?

உண்மையும் இருக்கிறது, புளுகும் இருக்கிறது தம்பி. விளம்பரத்துக்காகவே திட்டம் போட்டு ஒளித்து வைக்கிற பழக்கம் பிற்காலத்தில் வந்தது, அதில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. நான் உண்மையாகவே மதிக்கிற ரகசியங்கள் வேறு வகை. மெமரியில் இடம் போதவில்லை, கெடு நெருங்கிவிட்டது, அல்லது செய்தவனின் பெயரைப் போட கம்பெனி விடவில்லை, இப்படி ஏதோ ஒன்று இறுக்கியதால் வந்தவை அவை. நீங்கள் கேம் செய்யப் படிக்கிறவர் என்பதால் அந்தப் பக்கத்தைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

பெயரிலிருந்து தொடங்குவோம். 1970களின் கடைசியில் அடாரி நிறுவனம் தன் கேம்களில் புரோகிராமர்களின் பெயரைப் போடுவதில்லை. ஒரே ஆள் யோசித்து, படம் வரைந்து, சத்தம் போட்டு, கோட் எழுதி முடித்த கேமாக இருந்தாலும் பெட்டியில் அடாரி என்ற பெயர் மட்டும்தான் இருக்கும். வாரன் ராபினெட் என்பவர் அடாரி 2600 என்ற வீட்டு கேம் இயந்திரத்துக்காக 'அட்வென்சர்' என்ற கேமைச் செய்தார். அந்த இயந்திரத்தின் ரேம், அதாவது வேலை செய்யும்போது பயன்படுத்தும் மெமரி, 128 பைட், கிலோபைட் இல்லை, வெறும் பைட். கேம் முழுவதும் 4 கிலோபைட் கார்ட்ரிட்ஜுக்குள் அடங்க வேண்டும். அந்த இடத்துக்குள்ளும் அவர் ஒரு ரகசிய அறையை வைத்தார். அங்கே போக வேண்டும் என்றால் பின்னணி நிறத்திலேயே இருக்கிற ஒரேயொரு புள்ளியைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு, வேறொரு அறையின் சுவர் வழியாக நுழைய வேண்டும். உள்ளே போனால் 'வாரன் ராபினெட் உருவாக்கியது' என்று எழுத்து மின்னும். யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். 1980இல் கேம் வெளியானது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 15 வயதுப் பையன் ஒருவன் இதைக் கண்டுபிடித்து அடாரிக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் கம்பெனிக்கே விஷயம் தெரிந்தது. அதை எடுத்துவிட்டு சிப்பைத் திரும்பச் செய்வதென்றால் செலவு. அங்கே பொறுப்பில் இருந்த ஸ்டீவ் ரைட், இது இருந்துவிட்டுப் போகட்டும், இனி வருகிற கேம்களிலும் இப்படி வைக்கலாம் என்றார். இப்படி ஒளித்து வைப்பவற்றுக்கு ஈஸ்டர் எக் என்ற பெயரும் அவர் வழியாகத்தான் பரவியது.

இதுதான் உலகத்தின் முதல் ஈஸ்டர் எக் என்று நிறைய வீடியோக்களில் அடித்துச் சொல்கிறார்கள், அது சரியில்லை. அடாரியின் 1977ஆம் ஆண்டு ஆர்கேட் கேம் (கடைகளில் காசு போட்டு விளையாடுவது) 'ஸ்டார்ஷிப் 1' இல் குறிப்பிட்ட விதமாகப் பட்டன்களை இயக்கினால் 'ஹாய் ரான்!' என்று திரையில் வரும். ரான் மில்னர் என்ற பொறியாளர் வைத்தது. அது வெளியில் தெரிய வந்தது 2017இல், நாற்பது வருடம் கழித்து. இன்னும் திறக்கப்படாமல் எத்தனை கேமுக்குள் எவன் பெயர் கிடக்கிறதோ என்று யோசிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அதே மனக்குறையால்தான் 1979இல் அடாரியின் நான்கு புரோகிராமர்கள் வெளியேறி ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள், செய்தவர்களின் பெயரைப் போட்டே கேம் விற்றார்கள். இன்று கேம் முடிந்ததும் பத்து நிமிடம் பெயர்ப் பட்டியல் ஓடுகிறதே, அதை ஸ்கிப் பண்ணாமல் ஒரு தடவையாவது பாருங்கள்.

அடுத்தது எடுக்க மறந்துபோய் அல்லது எடுக்கப் பயந்து விட்டுவைத்தவை. கொழும்பில் தொண்ணூறுகளில் வளர்ந்த யாரிடமும் டீவி கேம் பற்றிக் கதைத்தால் முதலில் 'கான்ட்ரா' பெயர்தான் வரும். ஒரே கசெட்டில் பல கேம் போட்ட, நின்டெண்டோவைப் பார்த்துச் செய்த மலிவான பெட்டிகள்தான் அன்றைக்கு வீடுகளில் இருந்தன. மேலே மேலே, கீழே கீழே, இடது வலது, இடது வலது, பி, ஏ என்று அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும் என்பதை அண்ணன்மார் தம்பிமாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வரிசை கான்ட்ராவுக்காகச் செய்ததில்லை. கொனாமியின் கசுஹிசா ஹாஷிமோட்டோ 1986இல் 'கிரேடியஸ்' கேமை வீட்டு இயந்திரத்துக்கு மாற்றும் வேலையில் இருந்தார். கேம் அவருக்கே சரியான கஷ்டம், கடைசி வரைக்கும் போய்ச் சோதித்துப் பார்க்க முடியவில்லை. அதனால் எல்லா ஆயுதமும் ஒரேயடியாகக் கிடைக்கிற மாதிரி, தனக்கு ஞாபகம் இருக்கக்கூடிய ஒரு வரிசையைச் சோதனைக்காக வைத்தார். அது எடுக்கப்படாமலே வெளியே வந்துவிட்டது. வெளியீட்டுக்குச் சற்று முன் ஒரு வரியை எடுப்பது ஆபத்தான வேலை, அதை எடுக்கப் போய் வேறெங்கோ உடைந்தால் கண்டுபிடிக்க நேரம் இருக்காது. சாப்ட்வேர் வேலை செய்கிற எல்லோருக்கும் இந்தப் பயம் தெரியும், நான் இன்றும் ஆபீசில் தினமும் பார்க்கிறேன். ஹாஷிமோட்டோ 2020 பெப்ரவரியில் இறந்தபோது, கேம் ஆடி வளர்ந்தவர்கள் உலகம் முழுக்க அந்தப் பத்து அழுத்தல்களையும் எழுதி அஞ்சலி போட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை போகிமோன் கேமில் ஒளிந்திருந்த மியூ என்ற உயிரினம். முதல் போகிமோன் கேம்கள் 1996இல் ஜப்பானில் வெளியாவதற்கு முன், சோதனைக்காக வைத்திருந்த பகுதிகளை எடுத்தபோது கார்ட்ரிட்ஜில் சுமார் 300 பைட் மிச்சம் வந்தது. இனிமேல் எதையும் தொடவே கூடாத கட்டம் அது. ஷிகேகி மொரிமோட்டோ அந்த 300 பைட்டுக்குள் மியூவைத் திணித்தார். சாதாரணமாக விளையாடினால் கிடைக்காது. ஆனால் பிழைகள் வழியாகச் சிலருக்குத் தென்படத் தொடங்கியதும் வதந்தி கிளம்பி, அந்தக் கேம் பேயாக விற்றதற்கு அதுவும் ஒரு காரணமாக ஆகிவிட்டது. இப்படிச் செய்யுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்!

இப்போது இடப் பற்றாக்குறைக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது. 1985ஆம் ஆண்டு 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட். 32 நிரலுக்கு, 8 படங்களுக்கு. வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் என்று வருகிற ஒரு பூப்படம் இதைவிடப் பெரியது. அதற்குள் எட்டு உலகம், 32 கட்டம். எப்படி அடக்கினார்கள் என்று பார்க்க ஆசை என்றால் மேகத்தையும் கீழே இருக்கிற புதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வடிவாகப் பாருங்கள். இரண்டும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. மாரியோவின் தொப்பியும் மீசையும்கூட இப்படித்தான், 1981இல் 'டாங்கி காங்' செய்யும்போது அந்தச் சின்னப் புள்ளிக் கட்டத்துக்குள் தலைமுடியும் வாயும் வரைய வழியில்லாததால் அவனை வடிவமைத்த மியமோட்டோ தொப்பியால் மூடி மீசையால் மறைத்தார். அந்த உருவம்தான் இன்று எல்லோருக்கும் தெரிந்த முகம்.

மாரியோவின் மைனஸ் உலகம் பற்றியும் நிறையக் கதை விடுகிறார்கள். நடக்கிறது இவ்வளவுதான்: 1-2, அதாவது முதல் உலகத்தின் இரண்டாவது கட்டத்தின் கடைசியில் சுவரை ஊடுருவிப் போய்க் குழாய்க்குள் இறங்கினால், எந்த உலகத்துக்குப் போக வேண்டும் என்ற எண் சரியாக ஏற்றப்படும் முன்பே கேம் அந்த இடத்தைப் படித்துவிடுகிறது. கிடைக்கிற எண் 36. திரையில் எழுத்து வரைய வைத்திருக்கிற படங்களில் 36ஆவது வெற்றுக் கட்டம். அதனால் 36-1 என்று வர வேண்டியது வெறும் -1 என்று தெரிகிறது. உள்ளே முடிவே இல்லாத ஒரு தண்ணீர்க் கட்டம், கடைசிக் குழாயில் இறங்கினால் திரும்பவும் தொடக்கத்துக்கே கொண்டுவந்து விடும். யாரும் ஒளித்து வைக்கவில்லை, மர்மமும் இல்லை. ஆனால் அதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் மர்மத்தைவிட அழகாக இருக்கிறது என்பேன்.

பிழையைப் பிழை என்று தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. 1978இல் டொமொஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தபோது அத்தனை எதிரிகளையும் ஒன்றாக வரைய புராசசர் திணறியது. சுடச் சுட எண்ணிக்கை குறைந்து, மிச்சமிருப்பவை தாமாகவே வேகமெடுத்தன. அவர் அதைத் திருத்தவில்லை. கடைசி ஒன்று பறந்து பறந்து வரும்போது கை நடுங்குகிறதே, அது அப்படி வந்ததுதான். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' இல் கார் உடைக்கிற போனஸ் கட்டத்தைச் சோதிக்கும்போது, அடிக்கு மேல் அடி இடைவெளியில்லாமல் விழ வைக்க முடிகிறது என்பதைத் தயாரிப்பாளர் ஃபுனமிசு கவனித்தார். சரியான நேரத்தில் செய்வது கஷ்டம், யாரும் பெரிதாகச் செய்ய மாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள். சண்டைக் கேம்களில் காம்போ என்று இன்று எல்லோரும் பழகுவது அந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்தது. ஸ்காட்லாந்தின் டண்டியில் டிஎம்ஏ டிசைன் செய்துகொண்டிருந்த 'ரேஸ் அண்ட் சேஸ்' என்ற கேமும் அப்படித்தான். பொலிஸ் கார்கள் வழி தேடுவதில் ஏதோ கோளாறு, நிறுத்திப் பிடிக்க வேண்டியவை விளையாடுகிறவனை இடித்துத் தள்ளிக்கொண்டே போயின. அதுவரை சப்பென்று இருந்த கேமைச் சோதித்தவர்கள் அதற்குப் பிறகு கைவிட மறுத்தார்கள். 1997இல் அது 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ', சுருக்கமாக ஜிடிஏ, என்ற பெயரில் வந்தது.

ஜிடிஏ என்றதும் வதந்திக்கு வர வேண்டியிருக்கிறது, உங்கள் கேள்வியின் 'உண்மையா' என்ற பாதி இங்கேதான் நிற்கிறது. அந்தத் தொடரின் வைஸ் சிட்டி கேமில் விசிஎன் என்ற கட்டடத்தின் ஜன்னல் வழியாகக் குதித்தால் உள்ளே பெரிய சாக்லெட் முட்டை இருப்பது உண்மை. சான் ஆண்ட்ரியாஸ் கேமில் கேன்ட் பாலத்தின் உச்சியில் 'இங்கே ஈஸ்டர் எக் எதுவும் இல்லை, போய்விடு' என்று பலகை இருப்பதும் உண்மை. நான்காவது கேமில் சிலைக்குள் ஏறிப் போனால் சங்கிலியில் கட்டிய இதயம் ஒன்று துடித்துக்கொண்டிருப்பதும் உண்மை. மூன்றாவது கேமில் ஸ்னைப்பர் துப்பாக்கியால் நிலாவைச் சுட்டால் அதன் அளவு மாறுவது உண்மை மட்டுமில்லை, காரணமும் தெரியும்: நிலா பெரிதாக இருக்க வேண்டுமா சின்னதாகவா என்று ஓவியர்களுக்குள் ஒத்துவரவில்லை, பார்த்து முடிவு செய்யட்டும் என்று ஓபெ வெர்மெய் என்ற புரோகிராமர் சுட்டால் மாறுகிற மாதிரி வைத்தார், அவர்கள் முடிவு சொல்லவே இல்லை, அப்படியே இருந்துவிட்டது. ஆனால் சான் ஆண்ட்ரியாஸ் காட்டில் பிக்ஃபுட் என்ற கட்டுக்கதைக் குரங்கு மனிதன் நடமாடுகிறது என்பது பொய். கேமின் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் அப்படியொரு உருவத்தைக் காணவில்லை. பிற்பாடு ஐந்தாவது கேமில் அவர்களே பிக்ஃபுட்டைக் கொண்டுவந்தது இந்த வதந்திக்காகத்தான். வீடியோவை நம்பாதீர்கள், கோப்பைப் பிரித்தவன் என்ன சொல்கிறான் என்று பாருங்கள், செய்தவனே பேசியிருக்கிறானா என்று பாருங்கள்.

கொழும்பில் நாங்கள் தவறவிட்ட ஒரு ரகசியமும் உண்டு. 1998ஆம் ஆண்டு 'மெட்டல் கியர் சாலிட்' இல் ஒரு இடத்தில் மெரில் என்ற பாத்திரத்தை ரேடியோவில் தொடர்புகொள்ள வேண்டும், அலைவரிசை சீடி பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கிறது என்று கேமுக்குள் சொல்வார்கள். விளையாடுகிறவன் எழுந்து போய்த் தன் கையில் இருக்கிற உண்மையான பெட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அங்கே ஒரு சின்னப் படத்தில் 140.15 என்று அச்சிட்டிருக்கும். என்ன துணிச்சலான யோசனை! ஆனால் அந்தக் காலத்தில் பம்பலப்பிட்டியிலும் கொள்ளுப்பிட்டியிலும் கைக்கு வந்தவை பிளாஸ்டிக் உறையில் போட்ட கொப்பி சீடிகள். பின்பக்கம் என்று ஒன்றே இல்லை. கேமுக்குள்ளே எங்கோ ஒரு பெட்டி இருக்க வேண்டும் என்று மூலை முடுக்கெல்லாம் தேடியவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அதே கேமில் சைக்கோ மான்டிஸ் என்ற எதிரி உங்கள் மெமரி கார்டைப் படித்து, நீங்கள் வேறென்ன கொனாமி கேம் விளையாடியிருக்கிறீர்கள் என்று சொல்வான், அவனைத் தோற்கடிக்க கன்ட்ரோலரைக் கழற்றி இரண்டாவது துளையில் செருக வேண்டும்.

கண்ணெதிரே இருந்தும் தெரியாதவை வேறு ரகம். முதல் 'ரெசிடென்ட் ஈவில்' இல் ஒவ்வொரு கதவும் மெதுவாகத் திறக்கிறதே, அந்த நேரத்தில் சீடியிலிருந்து அடுத்த அறை ஏறிக்கொண்டிருக்கிறது. 'சைலன்ட் ஹில்' இன் மூடுபனி, பிளேஸ்டேஷனால் தூரத்தை வரைய முடியாததை மறைக்க வந்தது, பயமும் அதிலிருந்தே வந்தது. 'பயோஷாக்' இல் எதிரி உங்களைப் பார்த்துச் சுடும் முதல் குண்டு வேண்டுமென்றே தவறும். சில கேம்களில் உயிர்க் கோட்டின் கடைசித் துண்டுக்கு மற்றத் துண்டுகளைவிட அதிக மதிப்பு, மயிரிழையில் தப்பினோம் என்று உங்களுக்குத் தோன்றட்டும் என்று. விளிம்பைத் தாண்டிக் கால் போன பிறகும் ஒரு கணம் குதிக்க விடுவது ஏறக்குறைய எல்லா நல்ல பிளாட்பார்ம் கேமிலும் உண்டு. முதல் ப்ராஜெக்டில் இதை மறக்காமல் வையுங்கள், இல்லாவிட்டால் பட்டன் வேலை செய்யவில்லை என்றுதான் ஆட்கள் சொல்வார்கள்.

கம்பியூட்டர் வகுப்புக்குப் போன எல்லோரும் ஆசிரியர் வெளியே போன நேரத்தில் விளையாடிய 'டேஞ்சரஸ் டேவ்' ஞாபகம் இருக்கும். ஜான் ரொமேரோ செய்தது. அந்த டேவ் இன்னொரு வேலையும் பார்த்தார். அன்றைய பீசியில் மாரியோ மாதிரித் திரை வழுக்கிக்கொண்டு நகர முடியாது, முழுத் திரையையும் திரும்பத் திரும்ப வரைய வேகம் போதாது. 1990 செப்டெம்பரில் ஒரு இரவு, ரொமேரோவோடு ஒரே கம்பெனியில் வேலை செய்த ஜான் கார்மாக்கும் டாம் ஹாலும் உட்கார்ந்து 'சூப்பர் மாரியோ 3' இன் முதல் கட்டத்தை அப்படியே பீசியில் ஓட வைத்தார்கள், மாரியோவுக்குப் பதிலாக டேவை நடக்க விட்டு. கார்மாக் கண்டுபிடித்த வழி, நகரும்போது மாறுகிற கட்டங்களை மட்டும் திரும்ப வரைவது, ஒரே மாதிரி இருப்பவற்றைத் தொடாமல் விடுவது. காலையில் வந்த ரொமேரோ தன் மேசையில் இருந்த பிளாப்பியைப் போட்டுப் பார்த்ததும், இனிமேல் இந்தக் கம்பெனியில் இருக்க வேண்டியதில்லை என்று முடிவெடுத்தார். நின்டெண்டோவிடம் காட்டினார்கள், வேண்டாம் என்றது. அதே நுட்பத்தில் 'கமாண்டர் கீன்' வந்தது, 1991இல் அவர்களுடைய சொந்தக் கம்பெனியான இட் சாப்ட்வேர் உருவானது, 1993இல் 'டூம்' வந்தது.

கடைசியாக, நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிற ஒன்று: 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா', 1989. ஜோர்டன் மெக்னர் தன் தம்பி டேவிட்டை ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, படம் படமாகப் பார்த்து வரைந்தார். அதனால்தான் இளவரசன் அப்படி உயிருள்ள ஆள் மாதிரி விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறான். ஆனால் அந்த அசைவுகளே ஆப்பிள் 2 இன் மெமரியைத் தின்றுவிட்டன. எதிரி வைக்க இடமில்லை. கூட இருந்த டோமி பியர்ஸ் என்ற தோழி, சண்டை இல்லாமல் இந்தக் கேம் நிற்காது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். புதுப் படம் ஒன்றுகூட ஏற்ற முடியாத நிலையில் வழி ஒன்று தென்பட்டது: இளவரசனின் அதே படங்களை எடுத்து, ஒரு புள்ளி நகர்த்தி, எக்ஸ்ஆர் செய்து (இரண்டு படங்களில் வேறுபடுகிற புள்ளிகளை மட்டும் விட்டுவைக்கிற கணக்கு) வரைந்தால் மினுமினுக்கிற ஆவி மாதிரி ஒரு உருவம் வருகிறது. புதிய மெமரி தேவையில்லை. அந்த உருவம் யார் என்ற கதை அதற்குப் பிறகுதான் பிறந்தது.

நான்காம் கட்டத்தில் இளவரசன் கண்ணாடியை நோக்கிப் பாய்ந்து உடைத்து வெளியே வர, அவன் நிழல் எதிர்ப்பக்கம் பாய்ந்து ஓடுகிறது. அடுத்த கட்டத்தில் உங்கள் மருந்தைக் குடித்துவிடுகிறது. அதற்கடுத்து கதவை மூடி உங்களைப் பள்ளத்தில் விழ வைக்கிறது. கடைசியில் வாளோடு எதிரே வந்து நிற்கும்போது அதைக் குத்தினால் உங்கள் உயிர் குறைகிறது. வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இதைவிட நல்ல எதிரியை ஏராளமான மெமரி இருந்திருந்தால் அவர் யோசித்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். பிறகு அங்கே இங்கே பிழிந்து இடம் எடுத்துக் காவலாளிகளையும் வைத்தார், ஆனால் நிழல் மனிதன்தான் அந்தக் கேம்.

அதன் மூல நிரல் தொலைந்துவிட்டதாகத்தான் மெக்னரே நினைத்திருந்தார். 2012இல் அவருடைய அப்பா பழைய பெட்டி ஒன்றை அனுப்பி வைக்க, உள்ளே பிளாப்பிகள் இருந்தன. நண்பர்கள் உதவியோடு மீட்டு, நிரல்களை எல்லோரும் பார்க்கப் போட்டு வைக்கிற கிட்ஹப் தளத்தில் போட்டுவிட்டார், இன்றும் இருக்கிறது. ஆப்பிள் 2 இன் 6502 புராசசருக்கான அசெம்பிளி மொழியில் எழுதியது என்பதால் முதலில் பார்க்கும்போது தலை சுற்றும், பரவாயில்லை. அவர் எழுதி வைத்த குறிப்புகளும் கிடைக்கின்றன, அவற்றை முதலில் படியுங்கள், அப்புறம் படம் வரைகிற பகுதிக்குப் போய் எக்ஸ்ஆர் எங்கே வருகிறது என்று தேடுங்கள். புரியாத வரி வந்தால் அந்த வரியையே இங்கே போட்டுக் கேளுங்கள், சேர்ந்து பார்ப்போம்.